கம்பி செய்த குற்றம் என்ன?

ஆய்வுக்கூடத்தில் நாம் எத்துணைப் பொறுமைசாலிகள்! கரைசலின் நிறம் மாறவில்லையென்றால், ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துக் காரணத்தைத் தேடுகிறோம். நம் மடிக்கணினி முரண்டு பிடிக்கும்போது மட்டும் அந்த அறிவு எங்கே ஓடி ஒளிகிறதோ, தெரியவில்லை.

சென்ற கார்த்திகையில் துறைக் கருத்தரங்கில் நான் பேச வேண்டியிருந்தது. முதல் நாள் இரவுதான் கணினியின் லினக்ஸ் இயக்குதளத்தைப் புதுப்பித்தேன். (புத்தி ஏன் அப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள்.) காலையில் அரங்கத்துப் புரொஜெக்டரோடு இணைத்தால் திரையில் ஒன்றுமே விழவில்லை. மடிக்கணினியின் திரையோ பளிச்சென்று இருந்தது. ஆகவே குற்றவாளி கம்பிதான் என்று தீர்ப்பளித்துவிட்டேன். அரங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரைப் பலர் முன்னிலையில் என் அரைகுறை இந்தியில் கடிந்துகொண்டேன். மொழி அரைகுறையானாலும் கோபம் மட்டும் முழுதாக வந்துவிடுகிறது! அவர் மறுமொழி பேசாமல் மூன்று கம்பிகளை மாற்றிப் பார்த்தார். நான் ஒரு வரைபடமும் காட்டாமல், சாக்குக்கட்டியும் கையுமாகப் பேசி முடித்தேன்.

அன்றிரவு விடுதியில் நண்பரின் மானிட்டரிலும் அதே இருட்டு. அப்போதுதான் ஐயம் பிறந்தது. கணினி எழும்போது தோன்றும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். புதுப்பித்த பிறகும் அது பெரும்பாலும் அழியாமல் இருக்கும். அதே கம்பி, அதே மானிட்டர், படம் வந்துவிட்டது!

காரணம் இதுதான். பல மடிக்கணினிகளில் உள்திரையை ஒரு வரைகலைச் சில்லு இயக்குகிறது. வெளித்திரைக்கான துளையோ தனியான மற்றொரு சில்லோடு இணைந்திருக்கிறது. அதன் டிரைவர் புதிய கெர்னலுக்கு ஏற்ப அமையாவிட்டால், உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு. கையொப்பமில்லாத டிரைவரைச் 'செக்யூர் பூட்' என்னும் காவல் தடுத்துவிடுவதும் உண்டு. எனக்கு நேர்ந்தது முதல் வகை. டிரைவரை மீண்டும் நிறுவியதும் தீர்ந்தது.

புதுப்பிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் அதன் வழியாகத்தானே வருகின்றன? ஆனால் பேச்சுக்கு ஒரு வாரம் முன்னதாகச் செய்யுங்கள். செய்த அன்றே ஒரு வெளித்திரையில் மாட்டிப் பாருங்கள். விடுதித் தொலைக்காட்சியே போதும்.

மறுநாள் பெரியவரைத் தேடிப் போனேன். திட்டுவதற்குக் கிடைத்த இந்தி, மன்னிப்புக் கேட்கக் கிடைக்கவில்லை. அவரே புரிந்துகொண்டு சிரித்தார். என் அடுத்த பேச்சு என்றைக்கு என்று கேட்டு, முதல் நாள் மாலையே வந்துவிடச் சொன்னார்.