கணினிக்குக் கட்டளையிட நம் பிள்ளைகளும் பழகட்டும்



பட்டணத்துப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறார்கள். கோடிங் படிக்கிறார்கள். "அதெல்லாம் காசுள்ளவன் வீட்டுப் புள்ளைக்கு. நம்ம புள்ளைக்கு எதுக்குங்க?" என்று தோட்டங்களில் பலர் நம்மிடம் கேட்கிறார்கள். நம் பிள்ளைக்குத்தான் அது முதலில் வேண்டும் என்பது நம் கருத்து.

கோடிங் என்றால் என்ன? கணினி செய்ய வேண்டிய வேலையை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டளையாக எழுதுவது. நமக்குப் புரியாத வித்தை அல்ல. புதிதாகப் பால் வெட்ட வந்தவருக்கு நாம் எப்படிச் சொல்லிக் கொடுத்தோம்? கோட்டில் காய்ந்த பாலை உரி, பட்டையைச் சீவு, மங்கை வை, அடுத்த மரத்துக்குப் போ. நிரை முடியும் வரை இதையே செய். மழையில் பட்டை நனைந்திருந்தால் வெட்டாதே. செம்பனைக் காட்டிலும் அப்படித்தான். உதிரிப் பழம் கீழே கிடந்தால் குலையை வெட்டு, இல்லாவிட்டால் அடுத்த மரம். வரிசை, திரும்பச் செய்தல், 'இப்படியிருந்தால் இதைச் செய்' என்ற நிபந்தனை: கோடிங்குக்கு இந்த மூன்றும்தான் அடித்தளம். மங்கை வைக்க மறந்தால் பால் தரையில் போகும். எந்தப் படியில் தப்பு நடந்தது என்று தேடிப் பிடிப்பதும் அந்தப் படிப்பில் ஒரு பாதி.

இதில் தொழிற்சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல இடங்களில் ஒரு கொட்டகைதான் பள்ளி. கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். அந்தப் பிள்ளை பெரிய படிப்புப் படிக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனாலும் அந்த நாலெழுத்து ஒரு காரியம் செய்தது. அதுவரை கிராணி எழுதினதுதான் கணக்கு. பிள்ளை படித்த பிறகுதான் வீட்டில் சம்பளச் சீட்டைப் பார்த்து, "இந்த ரெண்டு நாள் பேர் எங்கே போச்சு?" என்று கேட்க முடிந்தது.

இன்று குலைக் கணக்கைக் கைப்பேசியில் பதியும் தோட்டங்கள் வந்துவிட்டன. கணக்கில் சந்தேகம் கேட்டால், "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது" என்று பதில் வருகிறது. சிஸ்டம் தானாக எதையும் காட்டாது. யாரோ ஒருவர் எழுதி வைத்த கட்டளைப்படிதான் அது கூட்டும், கழிக்கும். அந்தக் கட்டளை எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்தவன்தான் அதைக் கேள்வி கேட்க முடியும். அன்று எழுத்து நமக்கு எப்படியோ, நாளை நம் பிள்ளைகளுக்கு இது அப்படி.

கோடிங் படித்தால் பெரிய சம்பளத்தில் வேலை நிச்சயம் என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்த வாக்கை நாம் கொடுக்க மாட்டோம். வாசிப்பையும் கணக்கையும் விட்டுவிட்டு இதைப் படிக்கவும் சொல்லவில்லை. "ஏற்கெனவே போனை வச்சிக்கிட்டு எழுந்திருக்க மாட்டேங்குதுங்க" என்று தாய்மார்கள் வருந்துவதும் நியாயம். ஆனால் அடுத்தவன் செய்த விளையாட்டை ஆடுவது வேறு. தானே ஒரு சின்ன விளையாட்டை உருவாக்குவது வேறு.

காசுக்கு என்ன வழி? 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதில் குடும்பம் நடத்துகிறவரிடம் லேப்டாப் வாங்கச் சொல்வது அநியாயம். ஆனால் ஆரம்பத்துக்குக் கணினியே தேவையில்லை. 1967-இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் நண்பர்களும் பிள்ளைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். அதில் ஓர் ஆமைக்குக் கட்டளை கொடுத்துக் கோடு போட வைக்க வேண்டும். அதைப் பள்ளித் திடலிலேயே ஆடலாம். ஒரு பிள்ளை ஆமையாக நிற்கட்டும். இன்னொரு பிள்ளை சொல்லட்டும்: பத்து அடி நட, வலப்பக்கம் திரும்பு, இதை நாலு தடவை செய். சதுரம் வந்துவிடும். திரும்பச் சொல்ல மறந்தால் ஆமை வேலிக்குப் போய்விடும். பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு திருத்துவார்கள்.

கணினி கிடைத்த பிறகு, எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் இருக்கிறது. கட்டைகளை அடுக்குவது போலக் கட்டளைகளை அடுக்கலாம். இலவசம், ஒருமுறை இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும். ஆறேழு பிள்ளைகளுக்கு ஒரு கணினி போதும்.

இங்கிலாந்தில் 2012-இல் தொடங்கிய கோட் கிளப், தொண்டர்களை வைத்தே நடந்தது. பள்ளி முடிந்ததும் வாரம் ஒரு மணி நேரம். பிள்ளைகளிடம் கட்டணம் இல்லை. நம் தோட்டப் பள்ளிகளில் ஏன் முடியாது? முப்பது பிள்ளைகள்கூட இல்லாத தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அதைக் குறையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். இப்படி ஒரு மன்றத்துக்குப் பத்துப் பிள்ளைகள்தான் சரியான அளவு.

உண்மையான தடை வேறு. மத்தியானம் பள்ளி விட்டதும் வேன் கிளம்பிவிடும். அதை விட்டால் பிள்ளை செம்பனைக் காட்டு வழியே நடந்து வர வேண்டும். எந்தத் தாய் சம்மதிப்பாள்? ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மூன்று காரியங்களைக் கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளை மூன்று மணிக்கு ஏற்றிவர ஒரு வண்டி. மின்சாரமுள்ள ஓர் அறை. பட்டணத்தில் படிக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருவர் வந்து சொல்லிக் கொடுக்க வழிச்செலவு. அருகில் அரசாங்கத்தின் நாடி மையம் இருந்தால் அங்கேயும் விசாரியுங்கள். வண்டிக்கும் அறைக்கும் நிர்வாகத்திடம் மனுக் கொடுப்பதைத் தோட்டக் கமிட்டிகள் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இடைநிலைப் பள்ளிகளில் படிவம் 1-க்கு அடிப்படைக் கணினி அறிவியல் பாடம் 2017-இலேயே வந்துவிட்டது. பட்டணத்துப் பிள்ளை பழகிய கையோடு அங்கே போகிறது. நம் பிள்ளை முதல் நாளே பின் வாங்கில் உட்காரக்கூடாது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விஷயமாகப் பேசுங்கள், தோழர்களே.