விலையில்லாப் பேய்கள்

ஹலோவீன் அமெரிக்காவில் பெரும் வணிகமாகிவிட்டது. 2023 ஆம் ஆண்டில் அந்த ஒரு பண்டிகைக்காக அமெரிக்கர்கள் 1,220 கோடி டொலர் செலவிடுவார்கள் என்று அந்நாட்டின் தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பு மதிப்பிட்டது. அதில் அலங்காரப் பொருட்களுக்கு மட்டும் 390 கோடி. ஹோம் டிப்போ நிறுவனம் 12 அடி உயரமான எலும்புக்கூடு ஒன்றை 2020 இல் 299 டொலருக்கு விற்பனைக்கு விட்டபோது, அதுவும் விரைவில் விற்றுத் தீர்ந்தது. பெரிய பேய்க்குப் பெரிய விலை என்பதே இன்றைய நியதி.

இந்த நியதி செல்லாத இடம் ஒன்று உண்டென்றால் அது ஆர்.வி. முகாம்தான். சமையலறை, படுக்கை, கழிப்பறை யாவும் அடங்கிய வீட்டு வண்டிகளோடு குடும்பங்கள் வந்து தங்கும் திடல் அது. 1962 இல் மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில் தோன்றிய கே.ஓ.ஏ., 1969 இல் விஸ்கொன்சினில் தோன்றிய ஜெலிஸ்டோன் பார்க் ஆகியவற்றைச் சேர்ந்த முகாம்கள் பலவற்றில் ஒக்டோபர் வார இறுதிகள் ஹலோவீன் விழாக்களாகவே கழிகின்றன. பிள்ளைகள் வேடமிட்டு, வண்டிக்கு வண்டி சென்று இனிப்புக் கேட்பார்கள். அலங்காரப் போட்டியும் நடைபெறும். ஆனால் ஒரு சட்டியை வைக்கவே இடம் தேடவேண்டிய வண்டிக்குள் 12 அடி எலும்புக்கூட்டை எங்கே வைப்பது?

அத்தகைய முகாம் ஒன்றில் உறவினர் குடும்பத்தோடு இரண்டு இரவுகள் தங்கியிருக்கிறேன். கடையில் வாங்கிய, காற்றூதி நிறுத்தும் பேய்கள் அங்கே பல நின்றன. இரவின் அமைதி நேரத்துக்காக மின்விசிறியை நிறுத்தியதும் அவை துணி மூட்டைகளாகச் சுருண்டு விழுந்தன. பிள்ளைகள் கூடி நின்றதோ வேறோர் இடத்தில். ஒரு குடும்பம் வெறும் பால் கலன்களை வரிசையாக வைத்திருந்தது.

செய்முறை எளிது. ஏறத்தாழ நான்கு லீற்றர் கொள்ளும் வெள்ளைப் பிளாஸ்டிக் கலனைக் கழுவிக் காயவைத்து, கறுப்பு மார்க்கரால் கண்ணும் வாயும் வரையவேண்டும். பின்புறத்தில் சிறு துளை வெட்டி, மின்கலத்தில் இயங்கும் விளக்கொன்றை உள்ளே விட்டால் பேய் தயார். அடியில் கொஞ்சம் மணல் போட்டால் காற்றில் உருளாது. கழிப்பறைக் கடதாசி சுற்றிவரும் மட்டைக்குழலில் இரு கண்களை வெட்டி, ஒளிரும் குச்சியைச் செருகிப் புதருக்குள் வைத்தால், இருளில் ஏதோ ஒரு விலங்கு உற்றுப் பார்ப்பது போலிருக்கும். பழைய படுக்கை விரிப்பைப் பந்தொன்றின்மேல் போர்த்திக் கழுத்தில் நூல் கட்டி மரக்கிளையில் தொங்கவிடலாம். முகாமில் கொட்டிக் கிடக்கும் சருகுகளைச் செம்மஞ்சள் நிறப் பையில் அடைத்து முகம் வரைந்தால் பூசணிக்காய். விழா முடிந்ததும் சருகு நிலத்துக்கும், விரிப்பு அலுமாரிக்கும், கலன் மீள்சுழற்சிக்கும் போய்விடும்.

இதை ஏழைகளின் மாற்றுவழி என்று எண்ணுவோர் வரலாற்றை மறந்தவர்கள். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் மக்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்தே இந்த விளக்குகளைச் செய்தார்கள். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு அங்கே விளைந்த பூசணிக்காய் பெரிதாகவும் குடைவதற்கு எளிதாகவும் இருந்தது. கைக்கு எட்டியதைக் கொண்டு செய்வதுதான் இந்தப் பண்டிகையின் மூல மரபு.

ஆனால் கையால் செய்தது என்பதனாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. சருகும் துணிப் பந்தலும் எரிவாயுச் சிலிண்டரும் அருகருகே இருக்கும் இடத்தில் மெழுகுவர்த்தி கூடவே கூடாது. அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கமும் மின்கல விளக்குகளையே பரிந்துரைக்கிறது. மரங்களுக்கிடையே விரிக்கும் செயற்கைச் சிலந்திவலையும் வேண்டாம். அதில் பறவைகளும் வௌவால்களும் சிக்கிக்கொள்கின்றன.

நாளெல்லாம் வண்டி ஓட்டிக் களைத்து வரும் பெற்றோருக்கு இதற்கெல்லாம் நேரமேது, மலிவுக் கடையில் ஓரிரு டொலருக்கு வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். வாங்கலாம்தான். ஆனால் அவற்றில் கணிசமானவை திங்கட்கிழமை காலை முகாமின் குப்பைத் தொட்டிக்குள் கிடக்கும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. வாங்கிய பேயைப் பார்த்துப் பிள்ளை சற்று நேரம் அஞ்சும், அவ்வளவுதான். தானே கண் வரைந்த பேயை அது மற்றப் பிள்ளைகளிடம் அழைத்துச் சென்று காட்டும். அச்சத்தைத் தன் கையால் செய்து பார்த்து, அதைக் கண்டு சிரிக்கக் கற்றுக்கொள்ளும். அந்தப் பாடம் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

அலங்காரப் போட்டி நடத்தும் முகாம் நிர்வாகங்கள் ஒரு சிறு விதியைச் சேர்க்கலாம். முதற்பரிசு, பிள்ளைகள் அங்கேயே தம் கையால் செய்த அலங்காரத்துக்கு மட்டுமே என்பதே அவ்விதி. 12 அடி எலும்புக்கூடு வீட்டு முற்றத்திலேயே நிற்கட்டும்.