பாதிப் படம் பார்த்தவர்கள்

அமெரிக்காவின் டென்வர் விமான நிலையம் சாத்தானின் கோட்டையாம். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அத்தாட்சி, அந்த நிலையத்தின் சுவரோவியம்: முகமூடிச் சிப்பாய் ஒருவன் சமாதானப் புறாவை வாளால் குத்துகிறான்.

லியோ டாங்குமா வரைந்த அந்த ஓவியத்துக்கு அடுத்த பாகமும் உண்டு. அதில் சிப்பாய் செத்துக் கிடக்கிறான். குழந்தைகள் கொண்டுவரும் வாள்கள் கலப்பையாகின்றன. அதை யாரும் அனுப்புவதில்லை.

வெளியே நிற்கும் 32 அடி நீலக் குதிரை பேயாம். அதன் சிவப்புக் கண்கள், நியான் பலகைத் தொழில் செய்த தந்தைக்குச் சிற்பி லூயிஸ் ஹிமேனெஸ் செலுத்திய மரியாதை. 2006இல் அதன் ஒரு பகுதி விழுந்துதான் அவர் இறந்தார். அந்தச் சாவையும் சாபக்கதை ஆக்குவது அநியாயம்.

பிரெஞ்சுப் பள்ளியில் தெகார்த்தைப் படித்தவன் நான். சந்தேகம் எனக்குப் பகையல்ல. ஆனால் கடைசிப் பக்கம் புரட்டாமல் கோப்பில் குறிப்பெழுதும் குமாஸ்தாவை நாங்கள் மதித்ததில்லை.