டெல்டாவுக்குக் கீழே எண்ணெய் வந்தது எப்படி?

காவிரி டெல்டாவில் ஹைட்ரோகார்பன் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே வரும். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே வயல்தான். அப்படியிருக்க நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம் என்று சில ஊர்களில் மட்டும் எண்ணெய்க் கிணறு ஏன்?

நிலம் ஏன் பிளந்தது?

ஜுராசிக் காலத்தின் இறுதிவாக்கில், இந்தியாவும் இலங்கையும் அண்டார்க்டிகாவோடு ஒட்டியிருந்த கோண்ட்வானா பெருநிலம் பிரியத் தொடங்கியது. சப்பாத்தி மாவை இருபுறமும் இழுத்தால் நடுவில் மெலியும் இல்லையா? புவியோடும் அப்படித்தான் மெலிந்தது. மேலே இருந்த கடினப் பாறையோ மாவு மாதிரி நீளாமல் உடைந்தது. வடகிழக்கு–தென்மேற்காகச் சில பாளங்கள் சரிந்து இறங்கின. சில அப்படியே நின்றன. தஞ்சாவூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் பகுதிகளின் அடியில் பள்ளங்கள்; இடையே கும்பகோணம், மன்னார்குடி வழியாகப் புதைந்த மேடுகள்.

வண்டல் எங்கே சேர்ந்தது?

பிளவை ஒட்டிய பகுதிதான் வேகமாக இறங்கும். அதனால் படிவு அங்கேதான் அதிகத் தடிமன். மேட்டிலிருந்து அடித்து வந்த சரளையும் பெருமணலும் பிளவோரத்திலேயே விழுந்தன. நுண்ணிய களிமண் பள்ளத்தின் நடுவரை போய்ப் படிந்தது. ஆண்டிமடம் மணற்பாறையும் அதன் மேலுள்ள சாத்தப்பாடி களிப்பாறையும் அந்தக் காலத்தவை.

இழுவை நின்ற பிறகும் பள்ளம் இறங்கியது. சூடேறியிருந்த புவியோடு ஆற ஆறத் தாழ்ந்தது. கடல் உள்ளே வந்தது. அரியலூரில் கிடைக்கும் கிளிஞ்சல் புதைபடிவங்களும், சிமென்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடலின் மிச்சம்.

எண்ணெய் எப்படி?

களிமண்ணோடு புதைந்த உயிர்ப்பொருள் ஆழத்துச் சூட்டில் எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் மாறியது. அது மேலேறி, மேட்டோர மணற்பாறைகளில் களிப்பாறை மூடிக்கு அடியில் சிக்கிக்கொண்டது. பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்குள் வித்தியாசம் வருவதற்குக் காரணம் இதுதான்.

சட்டம் எதுவரை?

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுகளைத் தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துவந்த பணிகளுக்கு அது பொருந்தாது. படுகையோ டெல்டாவோடு முடியவில்லை. ராமநாதபுரம், பாக் நீரிணை, மன்னார் வளைகுடா வரை நீள்கிறது. 2011-ல் இலங்கையின் மன்னார் கடற்பகுதியிலும் எரிவாயு கண்டறியப்பட்டது. ராமநாதபுரம் மாவட்டம் அந்த மண்டலத்துக்கு வெளியே இருக்கிறது. டெல்டா விவசாயி கேட்டுப் பெற்ற பாதுகாப்பு, அதே படுகையின் மேல் வாழும் ராமநாதபுரம் விவசாயிக்கும் மீனவருக்கும் இல்லை.