மழைக்கு அஞ்சாத மணிப்பொறி

ஆழ்கடலில் மூழ்குவோருக்கென்று செய்யப்பட்ட கைக்கடிகாரம், கடற்கரையே இல்லாத பாலக்காட்டு மாணவனுக்கும் இடுக்கி மாணவிக்கும் எதற்கு? இப்படிக் கேட்டு நகைப்போர் நம் விடுதியிலேயே உண்டு. நகைக்கட்டும்! கடல் நம்மிடம் இல்லை, மழை இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை நண்பர், "எங்கள் பக்கம் மழையே குறைவு" என்பார். மெய்தான். மறையூரும் சின்னாறும்கூட மழை மறைவுப் பகுதிகளே. ஆனால் மறையூரிலிருந்து மூணாறுக்குப் பேருந்தில் ஏறிப் பாருங்கள். நாற்பது கிலோமீட்டருக்குள் வெயில் போய்ப் பனிமூட்டம் வந்துவிடும். வெப்பத்தில் உள்ளே புகுந்த ஈரம், குளிரில் கண்ணாடியின் உட்புறம் வியர்த்து நிற்கும். அடுத்த மாதம் முள்ளில் துரு! பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு வரும் புழுதியோ தனிக்கதை. 2018 ஆகஸ்டில், 26 ஆண்டுகளுக்குப் பின் செறுதோணி மதகுகள் திறக்கப்பட்ட நாட்களை இடுக்கி நண்பர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

சாதாரணக் கடிகாரத்தின் முகப்பில் "30 மீட்டர்" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு ஏமாறாதீர்கள். அது அசையாத நீரின் அழுத்தத்தைக் குறிக்கும் சோதனைக் கணக்கு. கை கழுவலாம், தூறலில் நனையலாம்; ஆற்றில் குதிக்கக் கூடாது. மூழ்குவோர் கடிகாரத்துக்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்ற உலகத் தரம் உண்டு. குறைந்தது 100 மீட்டர் ஆழம் தாங்க வேண்டும். குறித்த அழுத்தத்தைவிடக் கால் பங்கு மிகுதியாக வைத்துச் சோதிக்க வேண்டும். இருளிலும் மணி தெரிய வேண்டும். உப்புநீர், அதிர்ச்சி, காந்தம் இவற்றுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். முகப்பைச் சுற்றியுள்ள வளையம் ஒரு திசையில் மட்டுமே சுழலும். ஏன் தெரியுமா? நீருக்கடியில் எதிலேனும் இடித்து அது நகர்ந்தாலும், மூழ்கியவனுக்கு மீதி நேரம் குறைவாகத் தெரியுமேயன்றி மிகுதியாகத் தெரியாது. உயிர் காக்கும் சூழ்ச்சி! நமக்கு அது தேர்வுக்கூடத்தில் எஞ்சிய நிமிடங்களைக் காட்டும். (நீட் தேர்வுக்குப் போகும் தம்பி தங்கையர் மன்னிக்க, அங்கே எந்தக் கடிகாரமும் ஆகாது.)

1953-இல் பிளாங்க்பேன் நிறுவனத்தின் "ஃபிஃப்டி ஃபேதம்ஸ்" வந்தபோது இது கடற்படை வீரர்களின் கருவி. இன்று அந்தச் சுவிஸ் பெயர்கள் செல்வர் வீட்டு நகை. அவற்றைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. நான் பேசுவது ஜப்பானின் ஓரியன்ட் மாக்கோவைப் பற்றி, சீக்கோ எஸ்.கே.எக்ஸ். 007-ஐப் பற்றி. 1996-இல் வந்த சீக்கோவின் உற்பத்தி நின்று ஆண்டுகள் ஆகின்றன. பழைய சந்தையில்தான் தேட வேண்டும், போலிகளும் மிகுதி. இரண்டுமே 200 மீட்டர் தாங்கும். இரண்டிலும் சாவியைத் திருகி இறுக்கலாம். சீக்கோவின் பெயரால் இன்று விற்கும் "5 ஸ்போர்ட்ஸ்" வரிசையின் பெரும்பாலான கடிகாரங்கள் தோற்றத்தில் பழைய எஸ்.கே.எக்ஸின் தம்பிகள், ஆனால் 100 மீட்டர்தான், திருகும் சாவியும் இல்லை. தோற்றத்தை நம்பி வாங்காதீர்கள்.

"செல் போட்ட கடிகாரம் இதைவிட மலிவு, நேரமும் பிசகாதே!" என்பீர்கள். மறுக்கவில்லை. காசியோவின் செல் கடிகாரம் 200 மீட்டர் தாங்கி, ஓரியன்டைவிட மிகக் குறைந்த விலைக்கும் கிடைக்கிறது. எந்திரக் கடிகாரமோ நாளுக்குச் சில நொடிகள் பிசகும். 4ஆர்36 என்னும் சீக்கோ எந்திரம் 45 நொடி முந்தவோ 35 நொடி பிந்தவோ செய்யலாம் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். வகுப்புக்கு அரை நிமிடம் பிந்தினால் எந்தப் பேராசிரியரும் கதவடைக்க மாட்டார். ஆனால் செல் தீர்ந்தால் கடிகாரம் நின்றுவிடும். புதிதாகப் போடப் பின்மூடியைத் திறந்தாக வேண்டும். திறந்ததை ஒழுங்காக மூடாவிட்டால் நீர் புகும். கை அசைந்தால் தானே சாவி ஏறும் கடிகாரத்தை ஆண்டுக்கணக்கில் திறக்க வேண்டியதில்லை. பழுதானால், ஒற்றைக் கண்ணில் லென்சு பொருத்தி அமர்ந்திருக்கும் கடைவீதிப் பெரியவர் அதைப் பிரித்து, துடைத்து, எண்ணெயிட்டுத் தருவார். தந்தை கட்டியதை மகள் கட்டலாம்.

நம் நாட்டிலும் அப்படி ஒன்று இருந்ததே! 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அதன் "ஜனதா" எத்தனை எழுத்தர் கைகளில், எத்தனை ஆசிரியர் கைகளில் ஓடியது! மழையில் அதைக் காக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் எளியவனின் கடிகாரம் அது. 2016-இல் அந்தக் கடிகார நிறுவனத்தை மூட நடுவண் அரசு முடிவு செய்தது. அந்த முடிவை இன்றும் என் மனம் ஏற்கவில்லை. எளியவன் கைக்குரிய எந்திரத்தை இலாபக் கணக்கு ஒன்றாலேயே அளந்துவிட்டார்கள்.

ஏனென்றால் நேரம் யார் கையில் இருக்கிறது என்பது சிறிய செய்தி அன்று. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியும். சங்கு ஊதினால் எழுவது, பெரட்டுக்குப் போவது, கொழுந்து நிறுத்தபின் திரும்புவது என்று நம் பாட்டிமாரின் பகல் முழுவதும் தோட்டத்தின் மணியால் அளக்கப்பட்டது. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டியது. வரம்பு மீறப்பட்டதா என்று பார்க்க, நனைந்த மலைச்சரிவில் ஓடும் கடிகாரம் எத்தனை தாய்மார் கையில் இருந்தது? 2015-இல் மூணாற்றுச் சாலையில் அமர்ந்து போராடிய பெண்களின் மகள் ஒருத்தி, முதல் உதவித்தொகையில் அம்மாவுக்கு இத்தகைய கடிகாரம் வாங்கினால், அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு நா எழாது.

ஒன்று குறையாக இருக்கிறது. நீர் தடுப்பது உள்ளிருக்கும் ரப்பர் வளையம். அது நாளடைவில் இறுகிவிடும். கடிகாரத்தைத் திறந்து மூடும்போதெல்லாம் வளையத்தை மாற்றி, அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். எல்லையூர்களில் நான் கேட்ட கடைகள் எதிலும் அந்தச் சோதனைக் கருவி இல்லை. கோவைக்குப் போகச் சொல்கிறார்கள். நம் சங்கம் ஆண்டுவிழா மேடைத் தோரணத்துக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை ஒதுக்கி, அப்படி ஒரு கருவியை வாங்கி நமக்குப் பழக்கமான ஒரு கடைக்காரரிடம் வைக்கலாம். மாணவருக்குச் சோதனை இலவசம் என்று பேசிக்கொள்ளலாம். அடுத்த பொதுக்குழுவில் இதை நான் முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.