டைலுக்கு முன் தரை

கார் ஷெட் தரையில் எண்ணெய்க் கறையா? ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் டைல்களை ஒரே மாலையில் விரித்துவிடலாம். பசை வேண்டாம், கொத்தனார் வேண்டாம். இந்தச் சுலபத்தில்தான் சிக்கலும் இருக்கிறது. டைல் தரையை மறைக்கும், சரிசெய்யாது.

முதல் எதிரி ஈரம். ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை விரித்து நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டுங்கள். மறுநாள் பிரிக்கும்போது அடியில் நீர் கோத்திருந்தாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். மும்பைவாசிகள் கோடையில் சோதித்து ஏமாற வேண்டாம், மழைக்காலத்தில் சோதியுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மூடினால் நாற்றமும் பூஞ்சையும்தான் மிச்சம். புதுத் தரை என்றால் இன்னும் பொறுமை தேவை. 28 நாளில் கான்கிரீட் பலம் பெற்றுவிடும்; உலர மேலும் நாளாகும்.

அடுத்தது எண்ணெய். மரத்தூளைத் தூவி ஓரிரவு விட்டுப் பெருக்குங்கள். பிறகு சோப்புத் தூள் கரைசலை ஊற்றி, கெட்டியான பிரஷ்ஷால் தேயுங்கள். ஆசிட் எண்ணெயைக் கரைக்காது, கான்கிரீட்டைத்தான் அரிக்கும். அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் கிளம்புவது விஷ வாயு.

விரிசல்களைத் தூசி நீக்கி அடையுங்கள். மட்டப்பலகை வைத்துப் பள்ளங்களைக் கண்டு நிரப்புங்கள். பள்ளத்தின் மேல் கிடக்கும் டைல், சக்கரம் ஏறும்போது பூட்டு விட்டுப்போகும். ஆனால் தரையின் வாட்டத்தைக் கெடுத்துவிடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்கும் தேங்காமல் வாசலுக்கு ஓடினால் சரி. நன்றாகக் காயவிட்டு விரிக்கலாம். வெயிலில் டைல் விரியும் என்பதால் சுவரோரம் சிறு இடைவெளி விடுங்கள்.

டைலுக்குப் பேரம் பேசுவதற்கு முன், தரைக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.