ஈறும் குருதியும்: இடையே சுவர் எழுப்பியது யார்?

வாய் வேறு, உடல் வேறு என்ற பிரிவினையை உடற்கூற்றியல் வகுக்கவில்லை. மருத்துவக் கல்வியே வகுத்தது. ஈறுகளில் கசியும் குருதி பல் மருத்துவருக்கும், அதே குருதியில் மிதக்கும் கொழுப்பு பொது மருத்துவருக்கும் என்று பங்கிடப்பட்டுவிட்டது. இப்பங்கீட்டின் இழப்பை நோயாளியே சுமக்கிறார்.

கடும் ஈறுநோய் உடையோரிடம் எல்டிஎல் கொழுப்பும் டிரைகிளிசரைடும் மிகுந்தும், எச்டிஎல் குறைந்தும் காணப்படுவதை ஆய்வுத் தொகுப்புகள் காட்டியுள்ளன. இதற்கான வழியும் முற்றும் புதிரன்று. பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான புண்பட்ட பள்ளத்திலிருந்து பாக்டீரிய நச்சுகள் குருதியில் கலக்கின்றன. அவை தூண்டும் அழற்சிப் புரதங்கள் கல்லீரலின் கொழுப்பு வெளியீட்டைக் கூட்டவும், குருதியிலிருந்து டிரைகிளிசரைடை அகற்றும் நொதியின் வேகத்தைக் குறைக்கவும் வல்லவை.

இதைக் கொண்டு, 'ஈறைச் சுத்தம் செய்தால் கொலஸ்ட்ரால் குறைந்துவிடும்' என்று விற்பனை செய்வோர் அறிவியலுக்குத் தீங்கிழைக்கின்றனர். புகையிலை, நீரிழிவு, வறுமை ஆகியவை இரு நோய்களுக்கும் பொதுவான வேர்கள். ஈறுநோயும் இதய நோயும் தொடர்புடையவை என்று ஏற்ற அமெரிக்க இதயச் சங்கத்தின் 2012 அறிக்கை, ஒன்று மற்றொன்றின் காரணம் என்பது நிறுவப்படவில்லை என்றே கூறியது.

ஆனால், 'காரணம் நிறுவப்படவில்லை' என்பதை 'கவனிக்க வேண்டியதில்லை' என்று திரிப்பது அதனினும் பெரிய தீங்கு. ஈறு மருத்துவம் நீரிழிவு நோயாளியின் மூன்றுமாதச் சர்க்கரை அளவை, அதாவது எச்பிஏ1சி-யை, 3 முதல் 4 மாதங்களில் சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைக்கிறது என்று 2022-இல் காக்ரேன் மறுஆய்வு கண்டது. வாயில் செய்யும் மருத்துவம் குருதியில் தடம் பதிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையையொட்டித் தமிழர் மிகுதியாக வாழும் வடகரப்பதி ஊராட்சியை எண்ணிப் பார்க்கலாம். இவ்வட்டத்தின் கிழக்குப் பகுதி நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளோரைடு ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றது. அது பல்லில் ஏற்றும் கறை கண்ணுக்குத் தெரியும். ஈறின் அழற்சியோ வலியின்றி, மறைவாக வளர்வது. நாடு தழுவிய தொற்றாநோய்த் திட்டம் 30 வயது கடந்தோரிடம் நீரிழிவு, இரத்த அழுத்தம், வாய்ப் புற்றுநோய் உள்ளிட்டவற்றைத் தேடுகிறது. புற்றுநோய்க்காகத் திறக்கப்பட்ட அதே வாயில் ஈறையும் நோக்கிப் பதிவு செய்ய எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அப்பதிவோடு குருதிக் கொழுப்பு அளவையும் இணைத்தால், பல்லாண்டுத் தொடராய்வுக்கே அடித்தளம் அமையும்.

வினா எம்மொழியில் கேட்கப்படுகிறது என்பதும் ஆய்வுமுறைச் சிக்கலே. மலையாளத்தில் 'மோண' எனப்படுவது தமிழில் 'ஈறு'. கேரளத்தின் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையை 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் ஏற்றுள்ளது. கடிதத்துக்கு உள்ள உரிமை நோய் பற்றிய வினாத்தாளுக்கு மட்டும் இல்லாமற்போவது எங்ஙனம்? தாய்மொழியில் கேட்கப்படாத வினாவின் விடையைத் தரவு என்று கொண்டாடுவது முறையன்று.

பல் மருத்துவக் கல்லூரியும் பொது மருத்துவக் கல்லூரியும் ஒரே நோயாளியின் ஒரே பதிவேட்டில் எழுதத் தொடங்கட்டும். காரண காரிய விவாதம் அதன்பின் தரவுகளோடு நடக்கட்டும்.